மாப்பிள்ளை முக்கியமில்லை, நிலம்தான் முக்கியம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அடுத்து எந்த அணி கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) மாறும் என்ற பேச்சு எழுந்தாலே எல்லோரும் வெற்றிக் கணக்கை விரித்து வைத்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கான்ஃபரன்ஸ்கள் தேடுவது தொலைக்காட்சிப் பணத்தை; அதற்கு வேண்டியது புது மாநிலத்துப் பார்வையாளர்கள்.

என் கணிப்பில் இன்று அதிகக் கிராக்கி நார்த் கரோலைனாவுக்குத்தான். 1980-க்குப் பிறகு, தான் ஆடும் ஏசிசி கான்ஃபரன்ஸின் பட்டத்தைத் தொடாத அணி. தொழில்முறைக் கால்பந்தின் உச்சமான சூப்பர் பௌல் கோப்பைகளைக் குவித்த பில் பெலிச்சிக்கைப் பயிற்சியாளராக்கியும் 2025-இல் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. ஆனால் ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் அந்த மாநிலத்தில், பணக்காரக் கான்ஃபரன்ஸ்களான இரண்டில் பிக் டென்னுக்கும் ஒரு கல்லூரி இல்லை, எஸ்இசிக்கும் இல்லை. மாப்பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அவர்கள் வீட்டு நிலத்தை அளக்கிற கதைதான்.

ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏசிசியோடு வழக்காடி 2025 மார்ச்சில் சமரசமாயின. ஏசிசியை விட்டு வெளியேறும் கட்டணம் படிப்படியாக இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலராகிவிடும். பிக் டென்னின் தொலைக்காட்சி ஒப்பந்தம் முடிவதும் 2030-இல்தான். தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றின் மாநிலங்களான ஃபுளோரிடாவிலும் சவுத் கரோலைனாவிலும் எஸ்இசிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. புது நிலம் கிடைக்காது. எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் கால்பந்து ஆடும் நோட்ர டாமோ, தன் ஆட்டங்களை ஒளிபரப்பும் என்பிசி துணையிருக்கும் வரை யாருக்கும் கழுத்தை நீட்டாது.

டெக்சஸிலுள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தின் கதை வேறு. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு ஏசிசிக்குள் நுழைந்தது. வரதட்சணை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? முதல் ஆண்டிலேயே தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்கும் போனது என்பது தனிக்கதை.

வென்றால் மதிப்பு வரும் என்பவர்களுக்கு பாய்ஸி ஸ்டேட்டைக் காட்டுவேன். 2007-இல் ஒக்லஹோமாவை 43-42 என்று சாய்த்த அணி, 2024-இல் பிளேஆஃப் கண்ட அணி. பிக் டென், எஸ்இசி போன்ற பெரிய வீடுகளிலிருந்து ஒருவரும் கதவைத் தட்டவில்லை. கடைசியில் இடிந்து மீண்டும் எழும் பேக்-12 கான்ஃபரன்ஸில்தான் இடம் கிடைத்தது.

மற்றக் கல்லூரிகள் வெளியேறி அந்த வீடு இடிந்தபோது நடுத்தெருவில் நின்ற இரண்டில் ஒன்று வாஷிங்டன் ஸ்டேட். ஊர் புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி சனிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும் ஊருக்கே போய் நடத்தும் கேம்டே நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும், தொகுப்பாளர்களின் தலைக்குப் பின்னால் இந்தக் கல்லூரியின் கருஞ்சிவப்புக் கொடி ஆடும். 2003 முதல் பழைய மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் பிடிக்கும் கொடி அது. நிகழ்ச்சி முதன்முதலாகப் புல்மனுக்கு வந்தது 2018-இல். தொலைக்காட்சிப் பணம் அவர்களைக் கைவிட்ட 2023 ஆகஸ்டுக்குப் பிறகும், சனிக்கிழமை தோறும் அதே தொலைக்காட்சியில் அந்தக் கொடி ஆடிக்கொண்டுதான் இருந்தது.