அதிர்ஷ்டக்காரியாம்!

ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாட்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பிவைத்து, "நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டும்விட்டீர்கள். சரி, சொல்கிறேன்.

சிறப்புரை ஆற்றிய பெரியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தமிழ் நாடக மேடையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதில் நடிகை டி.பி. ராஜலட்சுமிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். நாடகத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த அம்மையார், அதிர்ஷ்டக்காரி, முதல் பேசும் படத்தில் கதாநாயகி ஆகிவிட்டார் என்றார். முன்வரிசை சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே பாடகர், நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதருக்குப் போனார். அங்கே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சாதகம் என்கிற இடைவிடாத பாட்டுப் பயிற்சி, ஞானம், கடும் உழைப்பு என்று குரலே மாறிவிட்டது.

எனக்கு அந்த ஒரு சொல் போதும். அதிர்ஷ்டக்காரி.

அந்த அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போமா? 1911ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்த பெண். விளையாடுகிற வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். சீர்வரிசைத் தகராறில் அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. பிறகு தகப்பனாரும் போய்விட்டார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். ஊரில் மதிப்பாக இருந்த குடும்பத்துப் பெண் நாடகக் கொட்டகைக்குப் போகிறாள் என்றால் அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அந்தக் குழந்தையின் குரலைக் கேட்டு ஊக்கம் கொடுத்தார். ராஜலட்சுமி சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். இன்று ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் வயது. இந்த அதிர்ஷ்டம் அந்தப் பெரியவரின் பேத்திகளுக்கு வாய்க்க வேண்டாம் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.

அப்புறம் சுமார் பத்து வருடம் மேடை. அந்த வருடங்களை எல்லோரும் ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். திருவையாறு, திருச்சி, உடனே 1931. நடுவில் இருந்த இரவுகள் யார் கணக்கிலும் இல்லை. ஒலிபெருக்கி வராத மேடை அது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் பாட்டு விழ வேண்டும், விழாவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். நன்றாகப் பாடினாலும் விடமாட்டான், ஒன்ஸ்மோர் கேட்பான். உச்சத்தில் ஒரு விருத்தத்தை முடித்து மூச்சு வாங்குகிற நேரத்தில் அதே விருத்தத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விடியும்வரை இதே கதை. பெரும் பாடகரான எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்களோடு மேடையில் நின்றவர் ராஜலட்சுமி. கிட்டப்பாவின் சுருதி எங்கே இருக்கும் என்று இசைத்தட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சுருதிக்கு எதிரே நின்று பாடுவதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

இப்போது 1931க்கு வருகிறேன். பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் படக் கம்பெனி. எச்.எம். ரெட்டி இயக்கம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. திரையில் யார் முகமோ அவர் குரல்தான். காமிராவைப் பார்த்து நடித்துக்கொண்டே பாட வேண்டும், சுருதியும் விலகக் கூடாது. இதையெல்லாம் சேர்த்துச் செய்யக்கூடிய பெண் எங்கே கிடைப்பாள்? நாடக மேடையைத் தவிர வேறு எங்கும் கிடைக்கமாட்டாள். கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசுகிறார், ராஜலட்சுமி தமிழில் பதில் சொல்கிறார். சிரிக்காதீர்கள். எதிரே நிற்பவர் என்ன பேசினாலும் தன் வசனம் பிசகாமல் நிற்பது மேடையில் பழகியவருக்குத்தான் வரும்.

அதைவிட வேடிக்கை, படத்தில் என்னென்ன இருந்தது என்பது. தியாகராஜர் கீர்த்தனை இருந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய, காந்தியின் இராட்டையைப் புகழும் பாட்டு இருந்தது. கூடவே குறத்தி ஆட்டமும் இருந்தது. காளிதாசனுக்கும் இராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒரு சம்பந்தமும் இல்லை. நாடக மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த உருப்படிகளைத் தூக்கிப் படத்தில் கோத்துவிட்டார்கள். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் முண்டியடித்துப் போனார்கள். அப்படியென்றால் அதிர்ஷ்டம் யாருக்கு? தமிழ் தெரியாத ஊரில் உட்கார்ந்து தமிழ்ப் படம் எடுக்கப் புறப்பட்டு, ஆடவும் பாடவும் நடிக்கவும் தெரிந்த பெண் கையில் வந்து விழுந்தாளே, அந்தக் கம்பெனிக்குத்தான் அதிர்ஷ்டம். படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. இருந்திருந்தால் முக்கால் மணி நேரப் பேச்சுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக வருவார்கள்.

1936இல் 'மிஸ் கமலா'. தானே கதை எழுதி, தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண். அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. இதுவும் அதிர்ஷ்டத்தில் நடந்ததுதானா ஐயா? தூங்கி எழுந்தபோது தலையணைக்கு அடியில் படச்சுருள் இருந்ததா?

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா?" என்று வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

"அவர் பாராட்டத்தானே சொன்னார்" என்றும் சிலர் வருவீர்கள். பாராட்டினால் அரங்கம் ஏன் சிரித்தது?

இன்னொரு நண்பர் உள்பெட்டியில் கொஞ்சம் நியாயமாகவே கேட்டார். அன்று நாடகத்தில் எத்தனையோ பெண்கள் நன்றாகப் பாடினார்கள், ஆடினார்கள், அவர்களில் ஒருவருக்கு மட்டும் பம்பாய் அழைப்பு வந்தது என்றால் அதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கிறது அல்லவா என்று. இருக்கிறது. மறுக்கவில்லை. நல்ல இடத்தில் நல்ல நேரத்தில் இருப்பது எல்லோருடைய வாழ்க்கையிலும் இருக்கிறது. 1934இல் 'பவளக்கொடி' படத்தோடு பாகவதர் சினிமாவுக்கு வந்தாரே, அவரும் நாடகத்திலிருந்துதானே வந்தார்? அவரோடு பாடிக்கொண்டிருந்த மற்ற ராஜபார்ட்டுகளுக்கு, அதாவது கதாநாயக நடிகர்களுக்கு, ஏன் அழைப்பு வரவில்லை? அவரை யாராவது எந்த மேடையிலாவது அதிர்ஷ்டக்காரர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போனதைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஆணுக்கு வந்தால் சாதகத்தின் பலன், பெண்ணுக்கு வந்தால் சீட்டுக் குலுக்கலில் விழுந்த பரிசு. (பாகவதர் ரசிகர்கள் என்மேல் பாய வேண்டாம். நானும் பாகவதர் பைத்தியம்தான்.)

பாடகி, நடிகை கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமுடியில் பிறந்து, சிறுவயதில் ரயிலில் பாடி மேடைக்கு வந்தவர். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர். சட்டமேலவை உறுப்பினராகவும் இருந்தார். பேச்சாளர்கள் எங்கே ஆரம்பிப்பார்கள்? கிட்டப்பாவின் மனைவி என்று. கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்துக்கென்று தனி ரயில் விட்டார்கள் என்பார்கள். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் அழகைத் தாண்டி ஒரு அடி நகரமாட்டார்கள். பாட்டும் கூத்தும் நிர்வாகமும் தெரிந்த பெண்ணை ஏதாவது ஒரு சின்னப் பெட்டிக்குள் மடித்து வைத்தால்தான் இவர்களுக்கு மனசு ஆறுகிறது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். வேண்டாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெரியம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம் போடுகிறவர். புதுக்கோட்டைப் பக்கம், சிவகங்கைப் பக்கம், திருவிழாக் காலம் வந்தால் மாதத்தில் இருபது இரவு வீட்டில் இருக்கமாட்டார். ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: அதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கோமாளி வேடம் போடும் பபூன் வேறு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். நோட்டீஸில் பெயர் போட்டபடி இரவு ஒன்பது மணிக்கு வந்து சேருவார்கள். பத்து மணிக்குத் திரை. வள்ளி திருமணம் என்றால் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் எங்கே போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் ஒரு விருத்தத்தில் கேள்வியை வீசினால் இவர் அதே ராகத்தில் பதிலை வீச வேண்டும். தெலுங்கு பேசிய காளிதாசனுக்குத் தமிழில் பதில் சொன்ன அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது பெரியம்மாவைப் பார்த்துத்தான்.

நாடகத்துக்குப் போகும்போது ஒரு பச்சைத் தகரப் பெட்டி கொண்டுபோவார். அதில் பட்டுப்புடவை, சவுரி, அரிதாரம், கண்ணாடி. அடியில் சலங்கை. அந்தச் சலங்கையின் ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் செருகி, மேலே ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார். பஸ் குலுங்கும்போது ஒரு மணிகூடச் சத்தம் போடக் கூடாது. சத்தம் கேட்டால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பான், பின்சீட்டில் ஒருவன் பாட ஆரம்பிப்பான். பஸ்ஸில் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். அதே பஸ்ஸில் ராஜபார்ட் வந்தாலும் பேசமாட்டார். இரவு முழுக்க அவரோடு காதல் பாட்டுப் பாடிவிட்டு, காலையில் யாரோ எவரோ என்று இறங்கிப் போவார். அந்தத் துணியைக் கிழித்துச் செருகுகிற வேலை எனக்கு. பத்து வயதில் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பெரியம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கௌரவமான மனிதர்களாம். ஆனால் பெண்ணுக்குப் போட நகை குறைகிறது என்று பெரியம்மாவின் காசுமாலையை இரவல் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவரும் கொடுத்தனுப்பினார். கூத்தாடி வரக் கூடாது, கூத்தாடியின் காசுமாலை வரலாம். அந்தக் காசுமாலையைப் பார்த்து, "மாமியார் வீட்டில் நீ அதிர்ஷ்டக்காரி" என்று கல்யாணப் பெண்ணிடம் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எத்தனை வருடம் ஆயிற்று, அந்தச் சொல் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் வாயிலிருந்து அதே சொல் வந்தபோது எனக்கு ஏன் அப்படிச் சுரீரென்று ஏறியது என்று இப்போதாவது புரிகிறதா? இதை எழுத ஆரம்பித்தபோது எனக்கே புரியவில்லை.

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில், வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டீச்சர் எழுதிவரச் சொன்னார். அப்பா விவசாயம், அம்மா வீட்டு வேலை, பெரியம்மா தையல் என்று எழுதிக் கொடுத்தேன். என் பள்ளிக் கட்டணம் பாதிக்கு மேல் அந்தச் சலங்கையிலிருந்து வந்தது. தையலாம்.

ஆக, அந்தப் பெரியவர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் வேறு விதமாகச் சொன்னவள்தான். அதற்காக அவரை விட்டுவிட வேண்டுமா? முடியாது. எனக்கு அன்று பதின்மூன்று வயது. அவருக்கு எழுபது, கழுத்தில் பொன்னாடை, கையில் மைக்.

"பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது, பழைய விஷயம்" என்று யாராவது கீழே எழுதினால் பதில் சொல்லமாட்டேன். பழைய விஷயம் இல்லை. இந்த வருடத் திருவிழாவுக்கும் யாரோ ஒரு ஸ்திரீபார்ட் சலங்கைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறியிருப்பாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த விழாவை நேரலையில் பார்த்தபோது பெரியம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் ஒரு பெண் கடவுள் வாழ்த்துப் பாடியபோது மட்டும் கையைக் காதருகே குவித்துக் கேட்டுவிட்டு, "தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் இவ்வளவு கீழே பிடிக்கிறாள், பயமா?" என்றார். பிறகு அந்தப் பெரியவர் பேசி, எல்லோரும் சிரித்தபோது என் பக்கம் திரும்பினார்.

"என்னடி சொல்கிறார்?"

"உங்களைப் போல மேடையில் பாடினவர்களைப் புகழ்ந்து பேசுகிறார், பெரியம்மா."

திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை, உட்கார்ந்தபடியே பேச்சு. இதற்கு எவ்வளவு கொடுத்தார்களாம்?"