இலை உதிர்ந்தால் உடனே தத்துவமா?

வாசலில் குவிந்த சருகைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. போனில் ஒரு படம் வந்து விழுகிறது: 'மரம் இலையை விடுவதுபோல் பற்றை விடு.' அனுப்பிய அண்ணன் ஒருநாளும் துடைப்பத்தைத் தொட்டவர் இல்லை.

மரம் அப்படியொன்றும் சும்மா விட்டுவிடுவதில்லை ஐயா. உதிர்க்கும் முன் இலையிலிருக்கும் தழைச்சத்தை முடிந்தவரை உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையம் சிதைந்த பிறகுதான் உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அப்புறம் காம்படியில் ஒரு அடுக்கை உண்டாக்கி, காயத்தைத் தக்கையால் மூடிக்கொண்டு கழற்றிவிடுகிறது. சுத்தக் கஞ்சன் வேலை! இதில் துறவு எங்கே வந்தது?

மழைக்கு ஒரு பாடம், வெயிலுக்கு ஒரு பாடம், குழாய் சொட்டினால் பொறுமை பற்றி ஒரு பாடம். (குழாயைச் சரிசெய்ய மட்டும் ஆளில்லை.) பூமி சுமார் 23.4 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால் பருவம் மாறுகிறது. நமக்கு வகுப்பெடுக்க அது சாயவில்லை.

வெறும் கிளையைப் பார்த்து எனக்கும் சில நாள் மனசு அடங்கியிருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது தானாக வரணும். காலை 6 மணிக்குப் பூப்படத்தோடு வரக்கூடாது.

இதோ, கூட்டிய இடத்திலேயே மறுபடி நாலு இலை.