கம்பிக்கு அப்பால் இருப்பது தண்ணீர்

நேற்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் பயணக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கனடா, பான்ஃப் தேசியப் பூங்கா, ஜான்ஸ்டன் கேன்யன், கீழ் அருவி. தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய், உறைந்த நீரின் மேல் நின்று, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு படம். நான் எழுதியது ஒரே ஒரு வரி: "தயவுசெய்து கம்பியைத் தாண்டாதீர்கள், அது தரை இல்லை, தண்ணீர்." அதற்கு வந்த பதில்: "அக்காவுக்குப் பொறாமை." அந்தப் பதிலுக்கு எத்தனை பேர் சிரித்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்தேன்.

எனக்கு என்ன பொறாமை? அந்த இடத்துக்கு நானும் போயிருக்கிறேன். போய் வந்ததால்தான் சொன்னேன்.

சுண்ணாம்புப் பாறையை ஓடை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஒடுக்கமான மலையிடுக்கு அது. பாறைச் சுவரில் பொருத்திய நடைபாலங்கள் வழியாகக் கீழ் அருவிக்கு 1.2 கிலோமீட்டர், மேல் அருவிக்கு 2.5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அருவியே நீலம் பாரித்து உறைந்து தொங்கும். அவ்வளவு அழகு. யாரையும் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே உறைந்திருந்தாலும் உள்ளே நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சற்றுப் பேசாமல் நின்றால் காதில் விழும். ஓடும் நீரின் மேல் படியும் பனிக்கட்டி ஓரிடத்தில் கனமாக இருக்கும், இரண்டு எட்டு தள்ளினால் மெலிந்திருக்கும். நீர்மட்டம் இறங்கிவிட்டால் பனிக்கட்டிக்கு அடியில் வெறும் பொந்துதான். மேலே வெண்பனி மூடியிருப்பதால் எது எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அது தரை இல்லை.

"பத்து வினாடிதானே நின்றோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். பனிக்கட்டி உடைவதற்குப் பத்து வினாடி எதற்கு? "மேல் அருவியில் உறைந்த சுவரிலேயே ஏறுகிறார்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் கயிறு, பனிக்கோடரி, தலைக்கவசம், பயிற்சி எல்லாவற்றோடும் ஏறுகிறார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஏறவில்லை.

நம் சிங்கப்பூரில் மிக உயரமான புக்கித் தீமா குன்றே 164 மீட்டர்தான். பனிக்கட்டியை நாம் ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பில் பார்த்து வளர்ந்தவர்கள். தெரியாதது குற்றமில்லை. சொன்னாலும் கேட்க மாட்டேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் 250 மீட்டர் தொங்குபாலத்தை ஒருவழிப் பாதை என்று போட்டிருந்தால் ஒழுங்காக ஒரே பக்கமாக நடக்கிறோம் அல்லவா? விமானம் ஏறியதும் அந்த ஒழுக்கம் எங்கே போகிறது? நாம் விழுந்தால் மீட்க வருபவரும் அதே பனிக்கட்டியின் மேல்தானே கால் வைக்க வேண்டும்?

"நீங்கள் மட்டும் எல்லாம் சரியாகச் செய்தீர்களா" என்று கேட்பீர்கள். இல்லை. அதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்பாவோடு போனோம். பெடோக் நீர்த்தேக்கத்தைத் தினமும் காலையில் சுற்றி வருகிற மனிதர் அவர். பான்ஃப் நகரில் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் வாடகைக்குக் கிடைத்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். போட்ட பாதைதானே, பிடிக்கக் கம்பி இருக்கிறதே, வீண் செலவு எதற்கு என்று நான்தான் வேண்டாம் என்றேன். ஆயிரம் பேர் மிதித்து மிதித்து அந்தப் பாதை கண்ணாடியாகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அருவி பார்த்துவிட்டுத் திரும்பும் இறக்கத்தில் அப்பாவின் இரண்டு காலும் ஒன்றாக வழுக்கின. கையை ஊன்றினார், மணிக்கட்டு உடைந்தது. முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதி தங்கள் முள்ளைக் கழற்றி அவர் காலில் மாட்டிவிட்டு, தாங்கள் கம்பியைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார்கள். வந்த வழியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் வேண்டாம் என்று சொன்னதை அப்பா இன்றுவரை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் வலது கையை உயர்த்திக் காப்பி ஆற்ற அவரால் முடிவதில்லை. நான் ஆற்றிக் கொடுக்கிறேன்.

அது கம்பிக்கு இந்தப் பக்கம் நடந்தது. பாதையிலேயே நடந்தது. அந்தப் படத்தில் பிள்ளை இருந்த இடம் அந்தப் பக்கம்.

என் வரியை நான் நீக்கப் போவதில்லை. இன்னும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் தனியாகவும் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு நான்கு ஜோடி முள் வாங்கி வைத்தேன். தெம்பனிஸில் என் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கின்றன. இந்த டிசம்பரில் போகிறவர்கள் கேளுங்கள், தருகிறேன். காசு வேண்டாம். அங்கே மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.