குதிரைக்குக் குளிருதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?

பலரும் குதிரை விட்டிருக்கிற எங்கள் லாயத்தில் மறுபடியும் போர்த்திவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் குதிரைக்கு, இன்னொருவர் குதிரையின் போர்வையை. அதுவும் ரோஸ் கலர்.

கனடாவின் ஒன்டாரியோவில் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொன்னதே போதும், இப்போதே பல்லைக் கடித்திருப்பீர்கள். விடிகாலையில் மைனஸ் 11. மத்தியானம் வெயில் அடித்து ப்ளஸ் 4. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது, மைதானம் முழுக்கச் சேறு. அந்த வெயிலில் என் செவலை சதுர மீட்டருக்கு 300 கிராம் பஞ்சு அடைத்த கனத்த போர்வையில், கழுத்து மூடி வேறு மாட்டிக்கொண்டு, வேலி ஓரமாக நிற்கிறான். முகத்தில் ஒரு பெருந்துயரம்.

தோள்பட்டைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். ஈரம். லேசான பிசுபிசுப்பு என்று நினைக்காதீர்கள், கையை வெளியே எடுத்தால் விரல் நுனியில் சொட்டுகிறது.

சரி, கழற்றலாம். மார்பில் இரண்டு பக்கிள். ஒன்று காலையில் உறைந்த பனி இன்னும் விடாமல் கெட்டியாக இருக்கிறது. கையுறையோடு திறக்க முடியாது, கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகிறது. ஊதி ஊதித் திறந்தேன். வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் வார்கள் இரண்டு, இரண்டிலும் சேறு. பின்னங்கால் வார்களைக் கழற்றக் குனிந்தால், அந்த நேரம் பார்த்து வாலை ஒரு சுழற்று சுழற்றுகிறான். சேறு என் வாயில். கடைசியில் போர்வையை இழுத்தேன், உள்துணியில் காய்ந்திருந்த பக்கம் படபடவென்று மின்சாரம். அவன் துள்ளினான், நான் துள்ளினேன். போர்வை போனதும் முதுகிலிருந்து ஆவி எழும்புகிறது பாருங்கள், இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி.

அப்புறம்தான் நிஜமான வேதனை. பொழுது சாய்கிறது, குளிர் மறுபடி இறங்குகிறது, என் கையில் தொப்பலாக நனைந்த குதிரை. முடி காய்ந்திருந்தால் அவனை வெறும் முதுகோடு விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். நனைந்த முடிக்குச் சூட்டைத் தக்கவைக்கிற சக்தி கிடையாது. ஆக, உள்ளே கொண்டுபோய், துவாலை மேல் துவாலையாக மாற்றித் துடைத்து, வியர்வை உறிஞ்சும் கம்பளியைப் போட்டு, காய்கிற வரைக்கும் லாயத்தில் உலாத்தினேன். குளிராத குதிரைக்குப் போர்த்தி, வியர்க்க வைத்து, நனைத்து, கடைசியில் உண்மையாகவே குளிர வைத்து, அதற்கு இன்னொரு போர்வை! இதற்குப் பெயர் பாசமாம்.

போர்த்திவிட்ட அம்மணி, அந்த ரோஸ் போர்வைக்குச் சொந்தக்காரர், அங்கேதான் இருந்தார். கேட்டேன்.

"ஏன் போர்த்தினீங்க?"

"பாவமா இருந்துச்சு. நடுங்குற மாதிரி தெரிஞ்சுது."

"நடுங்கினானா?"

"இல்ல, நடுங்கப்போற மாதிரி."

நடுங்கப்போற மாதிரி! இது என்ன ஜோசியமா?

"முதுகுல பனி உருகாம அப்படியே கிடந்துச்சு, தெரியுமா?" என்றார், நான் என்னமோ குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவள் மாதிரி.

அம்மா தாயே, முதுகில் பனி உருகாமல் கிடந்தால் உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். முடி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆகஸ்டிலிருந்தே, பகல் குறையக் குறைய, அவன் உடம்பு அந்த முடிச்சட்டையைத் தைக்க ஆரம்பித்துவிட்டது. குளிர் ஏறினால் ஒவ்வொரு முடியும் சிலிர்த்து எழுந்து நடுவில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு கனத்த போர்வையைப் போட்டு அத்தனை முடியையும் இஸ்திரி போட்ட மாதிரி அமுக்கிவிட்டு, "இப்ப கதகதப்பா இருக்கும்" என்று தட்டிக்கொடுப்பது.

கோடை முடியோடு இருக்கிற குதிரைக்கே 5 டிகிரி வரைக்கும் பெரிய கவலை இல்லை. குளிர்கால முடி முழுசாக வளர்ந்து, உடம்பில் சதையும், ஒதுங்க ஒரு கொட்டகையும், வாய்நிறையக் காய்ந்த புல்லும் இருந்தால் மைனஸ் 15 வாக்கில்தான் கூடுதல் சூட்டுக்கே உடம்பு உழைக்க ஆரம்பிக்கும் என்கிறார்கள். அடுப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? பின்குடலில். தின்ற புல்லை அங்கே நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது வருகிற சூடு அது. குளிருகிறதே என்று நிஜமாகவே மனசு உருகினால் இன்னும் இரண்டு கை புல் போடுங்கள். ஆனால் புல் போட்டால் படம் எடுத்துப் போட முடியாதே. ரோஸ் போர்வை என்றால் நாலு லைக் விழும்.

சரி, மைனஸ் 11க்கே போர்வை வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்றால், போனை நீட்டுகிறார். "பாருங்க, மைனஸ் 19 மாதிரி உணரும்னு போட்டிருக்கு." யார் உணர்வது? காற்றடித்தால் எவ்வளவு குளிராகத் தெரியும் என்கிற அந்தக் காற்றுக்குளிர்க் கணக்கு (விண்ட் சில்) 2001இல் மாற்றி எழுதப்பட்டது. இதே டொராண்டோவில்தான் பரிசோதனை நடந்தது. 12 பேரைக் குளிர்காற்று அடிக்கிற அறையில் நடக்க வைத்து, முகத்துத் தோல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று அளந்தார்கள். அந்த 12 பேரில் ஒரு குதிரைகூட இல்லை. மனுஷனுடைய மொட்டை மூஞ்சிக்குப் போட்ட கணக்கை, இரண்டங்குல முடியோடு நிற்கிற 500 கிலோ மிருகத்தின் மேல் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

லாயத்துக் கதவில் ஒரு அட்டவணை வேறு ஒட்டியிருக்கிறது. இத்தனை டிகிரிக்கு மெல்லிய போர்வை, இத்தனைக்கு நடுத்தரம், இத்தனைக்குக் கனம் என்று மூன்று வண்ணத்தில், லாமினேஷன் போட்டு. முடி வெட்டிய குதிரையா, வெட்டாத குதிரையா என்று ஒரு கட்டம்கூட அதில் கிடையாது. ஒல்லியா, குண்டா, ஆறு வயசா, இருபத்தாறு வயசா, எதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மருந்து.

போர்வையே கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டிக்காக உடம்பு முழுக்க முடி வெட்டிய குதிரைக்குப் போர்த்தத்தான் வேண்டும். பல் போன கிழட்டுக் குதிரை, விலா தெரிகிற குதிரை, போன வாரம்தான் தெற்கேயிருந்து வந்து இறங்கிய குதிரை, எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போர்த்துங்கள். ப்ளஸ் 3இல் காற்றோடு மழை கொட்டுகிறதா, ஒதுங்க இடமில்லையா, ஓடிப்போய் நீர் புகாத போர்வையாகப் பார்த்துப் போடுங்கள். காய்ந்த மைனஸ் 10ஐவிட அதுதான் குதிரையை வாட்டும். ஆனால் அன்றைக்கு ஒருத்தர் வரமாட்டார். ஏனென்றால் போனில் ப்ளஸ் 3 என்று இருக்கிறது, ப்ளஸ் என்றால் சூடு!

இதில் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் எங்கம்மா. "ஏன் கண்ணு, அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு கம்பளி போட்டுவிட்டாத்தான் என்ன?" அம்மாவை மன்னித்துவிடலாம், அவர் டிசம்பரில் கோவைக்கே மங்கி குல்லா போடுகிறவர். ஆனால் அந்த வாயில்லா ஜீவனிடம் நார்வேயில் போய்க் கேட்டே விட்டார்களம்மா. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்த்து, இன்னொன்றைத் தொட்டால் கழற்று, வெறும் பலகையைத் தொட்டால் இருக்கிறபடி இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. மழையும் காற்றும் குளிருமாக இருந்த நாளில் போர்வை கேட்டன, நல்ல நாளில் வேண்டாம் என்றன. 2016இல் வெளிவந்த ஆய்வு. குதிரைக்கு இரண்டு வாரத்தில் புரிந்தது. எங்கள் லாயத்தில் வருஷக்கணக்காகக் குதிரை வைத்திருப்பவர்களுக்குக் கையை உள்ளே விட்டுப் பார்க்க இன்னும் தெரியவில்லை. காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஜில்லுன்னு இருக்கு" என்கிறார்கள். என் காதும் ஜில்லென்றுதான் இருக்கிறது, எனக்கு யாரும் போர்த்தவில்லை.

இதோடு முடிந்ததா என்றால், ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மணியிடமிருந்து மெசேஜ். போர்வையில் வியர்வை நாற்றம் வருகிறதாம். துவைத்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பூனைப்படம்.

துவைத்துத் தருவதாமே! வீட்டு மெஷினில் போட்டால் மெஷின் அதோடு சரி. காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போனால் வாசலிலேயே "குதிரைப் போர்வைக்கு அனுமதி இல்லை" என்று பலகை. இதற்கென்றே துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கிற தொகைக்குப் புதுசே பாதி வாங்கிவிடலாம். நான் கேட்காத போர்வை, நான் போடாத போர்வை, என் குதிரை வேண்டாத போர்வை, பில் மட்டும் என் பேரில். படித்துவிட்டுச் சிரிப்புதான் வந்தது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

போர்வையை விடுங்கள். தண்ணீர்த் தொட்டி ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போனுக்குச் சார்ஜ் போட்டது யார்? தொட்டியில் ஐஸ் கட்டிக் கிடந்தது. ஜில் தண்ணீர் என்றால் குதிரைகள் குடிப்பதைக் குறைத்துவிடும், காய்ந்த புல் தண்ணீர் இல்லாமல் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி, நடுராத்திரியில் டாக்டர். போர்த்திவிட ஓடிவந்த ஒரு புண்ணியவானுக்கும் தொட்டியை எட்டிப்பார்க்க நேரமில்லை. அந்தச் சார்ஜர் இப்போது என் காரில் இருக்கிறது. வெள்ளை ஒயர், நுனியில் டேப் சுற்றியிருக்கிறது. தைரியம் இருந்தால் வந்து கேளுங்கள்.