தேவதை இல்லைங்க, மேஜர்

மே 12, நர்ஸுங்க தினம் வந்தா போதும். கையில விளக்கோட ஒரு வெள்ளைக்காரம்மா படம், கீழே "வெள்ளுடை தேவதைகளுக்கு வணக்கம்". எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இந்த வருஷமும் பதினோரு பேர் போட்டாங்க. அதே குரூப்லதான் எங்க பெரியம்மாவும் இருக்காங்க. ராணுவத்துல நர்ஸா இருந்து மேஜரா ஓய்வு பெற்றவங்க. ஒரு கட்டைவிரலைக் காட்டிட்டு சும்மா இருந்துட்டாங்க. எனக்குத்தான் பொறுக்கல.

தாத்தாவுக்கு குன்னூர் பக்கம் அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில வேலை. பெரியம்மா பக்கத்துல வெலிங்டன் ராணுவ முகாம் பரேடு சத்தம் கேட்டு வளர்ந்தவங்க. எங்க பக்கம் பட்டாளம் புதுசில்ல, பொண்ணு பட்டாளத்துக்குப் போனதுதான் புதுசு. "நர்ஸா? அதுவும் மிலிட்டரியிலயா?"ன்னு மூக்கைச் சுளிச்ச சொந்தக்காரங்க யார் யாருன்னு அம்மா இன்னும் வரிசையா சொல்லுவாங்க. வந்த ரெண்டு வரனும் அதோட நின்னுபோச்சு.

1971 டிசம்பர் 3 பாகிஸ்தானோட போர் ஆரம்பிச்சப்போ பஞ்சாப்ல பதான்கோட் பக்கம் ஒரு ராணுவ மருத்துவமனையில டியூட்டி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஷகர்கர்ல இருந்து கண்ணிவெடியில கால் போனவங்களா வந்து இறங்கினாங்களாம்.

போர்க்காயத்தை உடனே தைக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். மண்ணும் துணியும் உள்ள போயிருக்கும். மூடினா உள்ளயே அழுகும். செத்த சதையை வெட்டி எடுத்துட்டு, திறந்தபடியே கட்டுப் போட்டு, நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தையல். வெட்டுறது டாக்டர். அந்த நாலஞ்சு நாள் காவல் நர்ஸுக்கு. கட்டுக்குக் கீழே விரல் நிறம் மாறுதா, நாடி ஓடுதா, வாடை மாறுதா? "ராத்திரி வார்டுக்குள்ள நுழைஞ்சதும் மூக்குதான் முதல்ல ரவுண்ட்ஸ் போகும்"பாங்க. அந்த வாடை வந்துட்டா அப்பவே டாக்டரை எழுப்பணும். விடியட்டும்னு விட்டா காலோட நிக்காது.

அங்க ஒரு மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன். "சிஸ்டர், நீங்க தமிழா?"ன்னு கேட்டவன், ஊர் குன்னூர்னதும் அழுதுட்டானாம். வெலிங்டன்லதான் அவனுக்கு டிரெய்னிங். வலது கால் முட்டிக்குக் கீழே இல்ல. நடுராத்திரி, "இல்லாத கால் அரிக்குது சிஸ்டர்"ன்னிருக்கான்.

"நீங்க என்ன பண்ணுனீங்க பெரியம்மா?"

"சொறிஞ்சு விட்டேன். வெறும் போர்வையை."

இதைக் கேட்டா நமக்கு உடனே தேவதைன்னு சொல்லத் தோணும். அங்கதான் எனக்குச் சண்டை. தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், பென்ஷன் வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம். நமக்கும் செலவில்ல. 1888ல பத்து நர்ஸுங்க பம்பாயில வந்து இறங்கி ஆரம்பிச்ச வேலை இது. 1926 அக்டோபர் 1ல இந்திய ராணுவ நர்ஸிங் சேவை நிரந்தரமாச்சு. 1943 அவசரச் சட்டத்துல இருந்து இவங்க அதிகாரிகள். தோள்ல நட்சத்திரம் வச்சவங்க. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1977ல வந்த ஒரு ராணுவ உத்தரவுப்படி, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கங்கிற காரணத்துக்காகவே ராணுவ நர்ஸ் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பலாம். (ஆம்பளை அதிகாரி கல்யாணம் பண்ணினா குவார்ட்டர்ஸ் கொடுப்பாங்க.) அது ரத்தானது 1995ல. அப்படி 1988ல வெளியேற்றப்பட்ட ஒரு நர்ஸ் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2024 பிப்ரவரியில. முப்பத்தாறு வருஷம்! தேவதைகளை நாம நடத்துற லட்சணம் இது.

2021 டிசம்பர்ல குன்னூர் பக்கம் நஞ்சப்ப சத்திரத்துல முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தப்போ, அன்னிக்கு உயிர் பிழைச்சிருந்த ஒரே அதிகாரியை முதல்ல கொண்டுபோனது வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரிக்குத்தான். நாடே அந்த கேட்டைப் பார்த்துட்டு இருந்துச்சு. நானும் டிவி முன்னாடி. பெரியம்மா மட்டும், "இன்னிக்கு நைட் டியூட்டி யாருக்கோ"ன்னாங்க.

போன மாசம் அவங்களை ஒரு ராணுவ கேன்டீன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பையன் முகத்தைக்கூடப் பார்க்காம, "அம்மா, உங்க வீட்டுக்காரர் கார்டு?"ன்னான். பெரியம்மா கைப்பைக்குள்ள நிதானமாத் தேடி, தன் கார்டை எடுத்து வச்சாங்க. படிச்சான். நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்து நின்னுட்டான்.

"உட்காரு தம்பி. ரெண்டு ஹமாம், ஒரு ஹார்லிக்ஸ்"ன்னாங்க.