நிலை சரியில்லை

ஒப்பந்தக்காரர்: நிலை மிகவும் மோசமாக இருக்கிறது, அம்மா.

வீட்டுக்கார அம்மாள்: வேறு எப்படி இருக்கும், தம்பி? மூன்று வாரமாக உங்களைத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு முறையும் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்ற பதிலைக் கேட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளின் நிலை செழிப்பாகவா இருக்கும்?

ஒப்பந்தக்காரர்: நான் கதவு நிலையைச் சொல்கிறேன், அம்மா. சட்டம் கோணிவிட்டது. பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

அம்மாள்: கதவு இடிக்கிறது என்றுதானே உங்களிடம் சொன்னேன்?

ஒப்பந்தக்காரர்: ஆமாம், இடித்துத்தான் எடுக்க வேண்டும். சுற்றிலும் அரை அடிச் சுவரை இடித்தால் போதும்.

அம்மாள்: கதவு இடிக்கிறது என்று சொன்னதற்குச் சுவரை இடிக்கக் கடப்பாரையோடு வந்திருக்கிறீர்கள். நல்லவேளையாக, கதவு பிடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிடித்திருந்தால் சரிதானே என்று வராமலேயே இருந்திருப்பீர்கள்.

ஒப்பந்தக்காரர்: இதற்கு முன்பு வேலை செய்தவர் சரியில்லை, அம்மா. பூட்டுப் பக்கத்தை எப்படி இழைத்திருக்கிறார், பாருங்கள். கொஞ்சம்கூடத் தொழில் தெரியாத ஆள்.

அம்மாள்: கதவைப் பொருத்தியவரும் நீங்கள்தான், இழைத்தவரும் நீங்கள்தான்.

ஒப்பந்தக்காரர்: அன்றைக்கு நான் சாமான் வாங்கப் போயிருந்தேன். என்னோடு வந்த பையன் இழைத்திருப்பான்.

அம்மாள்: போன மழைக்காலத்தில் கதவு உப்பியபோது, ஈரம் காய்ந்தால் பலகை தானாகவே சுருங்கும், அதுவரை பொறுத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், சுருள் சுருளாக இழைத்துத் தள்ளிவிட்டுப் போனீர்கள். வெயில் வந்தது, கதவு சுருங்கியது. அதன்பிறகு கதவைச் சாத்தியபடியே வெளியில் யார் நிற்கிறார்கள் என்று என்னால் பார்க்க முடிந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நீங்கள் விட்ட இடைவெளியில் தபால்காரர் கடிதத்தை மடிக்காமல், பக்கவாட்டில் சொருகிவிட்டுப் போகிறார்.

ஒப்பந்தக்காரர்: மரம் என்றால் அப்படித்தான், அம்மா. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாள்: ஏன் முடியாது? மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, அகலவாக்கில்தான் உப்புகிறது. அந்த ஈரம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று யோசித்தீர்களா? முன்புறம், பின்புறம், பக்கத்து விளிம்புகள் இரண்டு என்று பளபளவென்று வார்னிஷ் பூசினீர்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இன்றுவரை வெறும் மரமாகவே இருக்கின்றன. கதவுக்கு ஆறு பக்கம், தம்பி.

ஒப்பந்தக்காரர்: கீழ் விளிம்பை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

அம்மாள்: ஈரம் பார்க்கும்.

ஒப்பந்தக்காரர்: போனது போகட்டும். இப்போது மேல் மூலை சட்டத்தில் உரசுகிறது, கீழ் மூலை தரையைக் கீறுகிறது. ஆகவே நிலைதான் சரியில்லை.

அம்மாள்: நிலை நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா?

ஒப்பந்தக்காரர்: கண்ணாலேயே தெரிகிறது.

(இவ்வாறு சொல்லிவிட்டு அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலையை மேலும் கீழும் பார்த்தார். ரசமட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஏனோ ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.)

அம்மாள்: கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்றே மேலே தூக்குங்கள்.

ஒப்பந்தக்காரர்: தூக்கினால் ஆடுகிறது.

அம்மாள்: எந்த இடத்தில் ஆடுகிறது?

ஒப்பந்தக்காரர்: மேல் கீலில்.

அம்மாள்: அப்படியானால் கீல் தளர்ந்து கதவுதான் தொங்குகிறது, நிலை நன்றாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் பக்கம் அந்தக் கீலில் எத்தனை துளைகள்?

ஒப்பந்தக்காரர்: நான்கு.

அம்மாள்: திருகாணிகள் எத்தனை?

ஒப்பந்தக்காரர்: இரண்டு. முன்பு வேலை செய்தவர்...

அம்மாள்: தம்பி.

ஒப்பந்தக்காரர்: அந்தப் பையன்...

அம்மாள்: இருக்கிற இரண்டையும் கிட்டத்தில் வந்து பாருங்கள். தலையில் உள்ள கூட்டல் குறி, வாங்கிய அன்று இருந்தபடியே கூர் மழுங்காமல் இருக்கிறது, திருப்புளி அதைத் தொட்டதே இல்லை. ஆனால் கீலின் ஓரத்தில், மரத்தின் மேல், பிறை பிறையாகச் சுத்தியல் பதிந்த வடு இருக்கிறது. ஆணியைப் போல அடித்து இறக்கிய திருகாணி மரத்தைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, பிடித்துக்கொண்டு நிற்குமா? அடித்தால் போதும் என்றால், மெனக்கெட்டு அதில் புரி வெட்டி விற்பானேன்?

ஒப்பந்தக்காரர்: சுத்தியலால் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், அம்மா.

அம்மாள்: முடிந்தது. அதனால்தான் மறுபடியும் வந்திருக்கிறீர்கள்.

ஒப்பந்தக்காரர்: ஆனால் துளை இப்போது பெரிதாகிவிட்டதே. அதற்கு நிலையை மாற்றித்தானே ஆக வேண்டும்?

அம்மாள்: நிலையை விடமாட்டீர்கள் போலிருக்கிறது. துளைக்குள் பசை தடவிய மரச் சீவல்களை நெருக்கி அடைத்து, காய்ந்தபின் சற்று நீளமான திருகாணியாகப் பார்த்து முறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

ஒப்பந்தக்காரர்: சரி, உங்கள் விருப்பம். இப்போதைக்குக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குக் காலையில் முதல் வேலை இதுதான்.

அம்மாள்: கதவில் கை வைக்காதீர்கள். ஒரே நாளில் மூன்று வீடுகளில் முன்பணம் வாங்கி, மூன்று வீட்டுக் கதவுகளையும் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, அப்புறம் எந்த வீட்டுக்கும் போகாமல் இருப்பது எதற்காக என்று எனக்குத் தெரியாதா? கழற்றி வைத்த கதவுதான் உங்கள் தொழிலுக்குக் காவல். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எவரும் வேறு ஆளைத் தேடிப் போக முடியாது. கதவுக்குக் கீழே ஓர் ஆப்பு கொடுத்துத் தாங்கினால், கழற்றாமலேயே இந்தக் கீலைச் சரிசெய்துவிடலாம்.

ஒப்பந்தக்காரர்: செய்யலாம். ஆனால் திருப்புளி இல்லை. அது பக்கத்துத் தெருவில் வேலை நடக்கிற வீட்டில் இருக்கிறது.

அம்மாள்: கடப்பாரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தீர்களே.

ஒப்பந்தக்காரர்: ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், அம்மா.

அம்மாள்: தாராளமாகப் போய் வாருங்கள். அந்தக் கடப்பாரையும் இழைப்புளியும் இங்கேயே இருக்கட்டும். நான் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைக்கிறேன்.

ஒப்பந்தக்காரர்: அவை இல்லாமல் அந்த வீட்டில் நான் எப்படி வேலை செய்வது?

அம்மாள்: ஐந்து நிமிடம்தானே, தம்பி?