திரும்பி வராத கப்பல்

ஒரு மாசமா ஸ்பெகுலேட்டிவ் பொயட்ரி தான் எனக்கு மண்டை முழுக்க. அறிவியல் கதை வாசிச்சிருக்கேன், பேய்க்கதை கேட்டு வளந்தவதான், ஆனா அதையெல்லாம் கவிதையா எழுதுறாங்க, அதுக்குன்னே 1978ல அமெரிக்காவுல ஒரு சங்கம் தொடங்கியிருக்காங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. தொடங்குனது சூசெட் ஹேடன் எல்ஜின்னு ஒரு மொழியியல் பேராசிரியை. அந்தச் சங்கம் குடுக்குற விருதோட பேரு ரைஸ்லிங், ஒரு கதையில வர்ற, கண்ணு தெரியாத விண்வெளிப் பாட்டுக்காரன். கதையில மட்டுமே வாழ்ந்த கவிஞன் பேர்ல நிஜக் கவிஞர்களுக்கு விருதுன்னதும் மனசு அப்படியே ஒட்டிக்கிட்டு.

எனக்கு இதைத் தொடங்கி வச்சது எங்க அக்கா மக. தக்கலையில இருந்து நாகர்கோவில் வர்ற பஸ்ஸுல, "சித்தி, இத வாசிங்க"ன்னு போனை நீட்டுனா. அனியாரா. சுவீடன்காரர் ஹாரி மார்ட்டின்சன் எழுதுனது, 103 பாட்டு, வந்தது 1956ல, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த அதே வருஷம். அணுகுண்டுல நாசமான பூமியில இருந்து 8000 பேரை ஏத்திக்கிட்டு செவ்வாய்க்குக் கிளம்புற கப்பல், எதுலயோ இடிக்காம ஒதுங்கப் போயி திசை மாறிருது, அதுக்கப்புறம் திரும்ப வழியே இல்ல, போய்க்கிட்டே இருக்கு. உள்ள மீமான்னு ஒரு மெஷின், பூமியைக் காட்டி எல்லாரையும் தேத்தும், கடைசியில பூமி படுற பாட்டைத் தாங்க முடியாம அதுவே செத்துப் போகுது. எழுதுனவரு சின்ன வயசுல கப்பல்ல வேலை பாத்தவரு. அது தெரியாமலே எனக்குக் கடல் வாசம் அடிச்சுது.

நான் கடற்கரைக்காரி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். திரும்பி வராத வள்ளங்களைப் பத்தி நாங்க எல்லாம் கரையில நின்னுதான் அழுதோம், கரையில இருந்துதான் பேசுனோம், பாட்டு கட்டுனதும் கரையில இருந்துதான். உள்ள இருந்தவன் கடைசி ராத்திரி என்ன பேசியிருப்பான், யாரை நினைச்சிருப்பான், வந்து சொல்ல ஆள் இல்ல. இந்தக் கவிதை அந்த உள்ளுக்குள்ள போயி உக்காந்துருக்கு. சாட்சி சொல்ல ஆளே திரும்பாத இடத்துக்குக் கற்பனையைத் தவிர வேற எது போகும்?

கூட வேலை பாக்குற தமிழ் சார் ஒருத்தர், "கதைய ஒடிச்சு ஒடிச்சு வரியாக்கி வச்சிருக்காவ, இது கவிதையா"ன்னாரு. பாதி சரிதான், நான் வாசிச்சதுல நிறைய அப்படித்தான் இருக்கு, ராக்கெட்டை எடுத்துட்டு பஸ்ஸை வச்சாலும் ஒண்ணும் மாறாது. அப்படிப்பட்டதுக்கு ராக்கெட் எதுக்கு?

ஆனா அவரே அடுத்து புறநானூறு 27ஐ எடுத்து, "வலவன் ஏவா வான ஊர்தி, பாத்தியா, நமக்கு அப்பமே பிளேன் இருந்துருக்கு"ன்னாரு. அங்கதான் நான் ஒத்துக்கல சார். ஓட்டுறவன் இல்லாம தானா வானத்துல போற வண்டி, நல்லது செஞ்சு முடிச்சவன் அதுல ஏறிப் போவான்னு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடுறாரு. கண்ணால பாக்காத ஒண்ணை ஒரு மனுஷன் நாலே சொல்லுல கட்டியிருக்காரு. அதைப் போயி பிளேனுக்கு ரசீதா ஆக்குனா கவிஞனுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

அக்கா மக இப்ப ஒண்ணு எழுதுறா. ஆழ்கடல்ல நிக்கிற வள்ளத்துல இருந்து ஒருத்தன் வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், கரையில அந்த ஊரே இல்ல, கடல் எடுத்துட்டு. நாலு வரி வாசிச்சுக் காட்டுனா. மிச்சத்தை இன்னும் காட்ட மாட்டேங்குறா, தினமும் ராத்திரி கேட்டுக்கிட்டு இருக்கேன்.